கொலுசு வேலையும் இடுப்பு வலியும்: படுப்பதா, நடப்பதா?

கேள்வி: எனக்கு 41 வயது. சேலம் பனங்காட்டில் வீட்டிலேயே கொலுசு வேலை செய்கிறேன். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை தரையில் சம்மணம் போட்டுக் குனிந்தபடி வளையம் கோத்துப் பற்றவைக்கும் வேலை. ஜோடிக் கணக்கில்தான் கூலி. நாலு மாதமாக இடுப்பு வலி. சில நாள் வலது தொடை வரை வருகிறது, முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்து முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்4-எல்5 என்ற இரண்டு எலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, தேய்மானமும் இருக்கிறது என்றார்கள். குனியாதே, கனம் தூக்காதே, பெல்ட் போட்டுக்கொள், முடிந்தவரை படுத்திரு என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வாரம் படுத்தேன். எழுந்தபோது முன்பைவிட மோசம். பக்கத்து வீட்டு அக்கா தினமும் நடக்கச் சொல்கிறார். நாள் பூராவும் உழைக்கிறவளுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்கிறார் என் கணவர். என் அம்மா ஏற்காட்டில் 67 வயதிலும் காபிப் பழம் பறித்து மூட்டை சுமக்கிறார். அவருக்கு வலி என்று ஒன்று இல்லை. உட்கார்ந்த இடத்தில் வேலை செய்கிற எனக்கு ஏன் வந்தது? தை மாதம் அம்மா வீட்டுக்குப் போய்ப் பறிப்பில் உதவ ஆசை. போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தை மாதம் அம்மா வீட்டுக்குத் தாராளமாகப் போகலாம், பழமும் பறிக்கலாம். நடுவில் எட்டு வாரம் இருக்கிறது. அந்த எட்டு வாரத்தில் உங்கள் இடுப்பை எப்படிப் பழக்குவது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நீங்கள் நேரில் வந்திருந்தால் வேறு எதையும் பேசும் முன் சிலவற்றைக் கேட்டிருப்பேன். சிறுநீர் போவதில் புதிதாகத் தடை உண்டா, அல்லது தெரியாமல் போய்விடுகிறதா? மலத்தை அடக்க முடியாமல் போகிறதா? உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் மரத்துப்போகிறதா? நடக்கும்போது ஒரு பாதம் தூக்க வராமல் செருப்பு நழுவுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்க வேண்டாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மாலையில் காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, படுத்தாலும் குறையாமல் நடு இரவில் எழுப்புகிற வலி என்றால் அதுவும் சாதாரண இடுப்பு வலி இல்லை. முதுகெலும்பில் வரும் காசநோய் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், கீழே விழுந்து அடிபட்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோரும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இப்படி எதுவும் இல்லை. ஆனாலும் ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் மேலே படியுங்கள்.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். ஜவ்வு பிதுங்கிவிட்டது என்று காதில் விழுந்த அன்றிலிருந்து உங்கள் நடையே மாறியிருக்கும். பாத்திரம் விளக்கக் குனியும்போதுகூட உள்ளே ஏதோ நழுவிவிடுமோ என்று மூச்சைப் பிடித்திருப்பீர்கள். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறார்கள், ஸ்கேன் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். இடுப்பு வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த 33 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியானது. மொத்தம் 3,110 பேர். அதில் 40 வயதுக்காரர்களில் சரிபாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. 68 சதவீதம் பேருக்குத் தேய்மானம் இருந்தது. உங்கள் தெருவில் உங்கள் வயதுப் பெண்களில் வலி இல்லாதவர்களாகப் பார்த்துப் பத்துப் பேருக்கு ஸ்கேன் எடுத்தால், ஐந்து பேர் ரிப்போர்ட்டில் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற அதே வரி இருக்கும். அவர்கள் குடம் தூக்கிக்கொண்டு, கோலம் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

உங்கள் வலிக்கும் அந்தப் பிதுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் இருக்கலாம். ஆனால் வலி முழங்காலைத் தாண்டவில்லை, மரப்பில்லை, காலில் பலம் குறையவில்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. நன்றாகவே பிதுங்கிய ஜவ்வுகூடப் பல சமயம் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது. இடுப்பு வலியில் சுமார் 90 சதவீதம், இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்ட முடியாத பொதுவான வலிதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

படுத்திருக்கச் சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அப்பா அம்மாப்பேட்டையில் குழித்தறி நெசவாளர். எண்பதுகளின் நடுவில், நான் ஐந்தாவது படிக்கும்போது, ஒரு நாள் தறியில் பாவு நூலைச் சரிசெய்யக் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். மருத்துவர் சொன்னபடி கயிற்றுக் கட்டிலை வெளியே போட்டுவிட்டு, இரண்டு பெஞ்சின் மேல் பலகை போட்டு மூன்று வாரம் படுக்க வைத்தோம். சாப்பாடும் படுத்தபடியேதான். மூன்று வாரம் கழித்து எழுந்தபோது வலி அப்படியே இருந்தது, காலில்தான் பலம் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு புழக்கடை வரை போனார். மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே கெண்டைக்கால் சதை வற்றிக் கம்பு மாதிரி தெரிந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சதை ஆறு மாதத்தில் திரும்பிவிட்டது, பயம் போகவில்லை. அதன் பிறகு இருபது வருடம் அவர் ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை. தறியிலும் பழையபடி உட்காரவில்லை. அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அன்றைக்கு எல்லா ஊரிலும் அதுதான் வைத்தியம். நானே பயிற்சிக் காலத்தில் எத்தனையோ பேரைப் படுக்க வைத்து இடுப்பில் கயிறு கட்டி எடை தொங்கவிட்டிருக்கிறேன்.

அப்பா பலகையில் கிடந்த அதே காலத்தில்தான் அந்த வைத்தியம் ஆட்டம் காண ஆரம்பித்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ என்ற மருத்துவர், இடுப்பு வலியோடு வந்தவர்களில் பாதிப் பேரை இரண்டு நாளும் மீதிப் பேரை ஏழு நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்தார். 1986-ல் முடிவு வெளியானது. வலி ஆறியதில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு நாள் படுத்தவர்கள் வேலைக்குப் போகாமல் விட்ட நாட்கள் மட்டும் 45 சதவீதம் குறைவு. ஒன்பது வருடம் கழித்து, 1995-ல், ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களை வைத்து இன்னும் தெளிவாகப் பார்த்தார்கள். திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் ஒரு குழு இரண்டு நாள் படுத்தது, ஒரு குழு முதுகுப் பயிற்சி செய்தது, ஒரு குழு வலி விடுகிற அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தது. சீக்கிரம் தேறியது மூன்றாவது குழு. மெதுவாகத் தேறியது படுத்த குழு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வலி புதிதாகப் பிடித்துக்கொண்ட முதல் சில நாளில் பயிற்சி செய்தவர்களைவிடச் சும்மா நடமாடியவர்களே நன்றாக இருந்தார்கள். அதனால் வலி கொளுத்துகிற நாளில் யூடியூப் பார்த்து முதுகை வளைக்க வேண்டாம். எழுந்து வீட்டுக்குள் நடந்தால் போதும். உங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது, அதாவது 12 வாரத்தைத் தாண்டிய நாள்பட்ட வலி. இங்கே கணக்கு மாறுகிறது. இந்த மாதிரி வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி ஒன்று வெளியிட்டது. அதில் முறையான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறார்கள். இடுப்பு பெல்ட்டும், என் காலத்து இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்ற பட்டியலில் இருக்கின்றன.

அசைவு எப்படி வலியைக் குறைக்கிறது என்று என்னிடம் வருகிறவர்கள் கேட்பதுண்டு. இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கிற அந்த ஜவ்வுக்கு, பெரியவர்களான பிறகு, நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அக்கம்பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. நம் ஊர் ஜவ்வரிசியை ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் உப்பி நிற்குமே, அதுபோல நாம் படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை இழுத்து உப்புகிறது. பகலில் உடம்பின் பாரம் அதைப் பிழிகிறது. இதனால்தான் காலையில் நாம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். அழுத்துவதும் விடுவதும் மாறி மாறி நடந்தால்தான் அதற்குள் போக்குவரத்து நடக்கும். எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் ஒரே அழுத்தம், இரண்டு வாரம் படுத்தால் ஒரே தளர்ச்சி. இரண்டுமே அதற்கு நல்லதில்லை. பாரமே இல்லாத விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு உயரம் கூடுகிறது, கூடவே இடுப்பு வலியும் பலருக்கு வருகிறது. சுமையை மொத்தமாக எடுத்துவிடுவது வைத்தியம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் கணவருடைய கேள்வி. நாள் பூராவும் உழைக்கிறவளுக்கு உடற்பயிற்சி எதற்கு? நியாயமான கேள்வி. சாயங்காலம் உங்களுக்கு வருகிற களைப்பு உண்மையான களைப்பு. ஆனால் அந்த எட்டு மணி நேரத்தில் உங்கள் உடம்பில் எது அசைந்தது என்று எண்ணிப் பாருங்கள். விரல்கள் அசைந்தன, கண் ஓடியது. இடுப்பும் தொடையும் பூட்டுப் போட்டது போல ஒரே மடிப்பில் இருந்தன. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். வளையத்தைப் பற்றவைக்கிற அந்த நொடியில் கை ஆடக் கூடாது என்று மூச்சையும் நிறுத்துகிறார்கள். தோள் காதுக்கு ஏறுகிறது, இடுப்பு இறுகுகிறது. ஒரு நாளில் இது நூற்றுக்கணக்கான தடவை. இதோடு ஜோடிக் கணக்குக் கூலி. வலி வந்தாலும் இன்னும் இரண்டு ஜோடி முடித்துவிடலாம் என்று இருந்துவிடுவோம். நடையில் அப்படி இல்லை. வேகமும் உங்கள் கையில், நிறுத்துவதும் உங்கள் கையில். கால், இடுப்பு, தோள், மூச்சு எல்லாம் சேர்ந்து ஆடுகின்றன. உழைப்பு குறைவாக இருப்பதால் உங்களுக்கு வலி வரவில்லை. ஒரே மாதிரி உழைப்பாக இருப்பதால் வந்திருக்கிறது. நெதர்லாந்தில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் அசையாமலே இருப்பவர்களிடமும், உடம்பை மிகவும் வருத்துகிறவர்களிடமும் நாள்பட்ட இடுப்பு வலி அதிகமாகவும், நடுவில் இருப்பவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. நீங்கள் இரண்டு ஓரத்திலும் ஒரே சமயத்தில் நிற்கிறீர்கள். வேலை நாளில் அசைவில்லை, வெள்ளிக்கிழமை வந்தால் வீடு கழுவி, துணி அலசி, ஒட்டடை அடித்து ஒரே மூச்சில் எல்லாம். சனிக்கிழமை எழுந்திருக்க முடியாது. கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் வேலையைப் பாருங்கள். காலையில் வெறும் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் ஏறுகிறார். மேல் கிளையை எட்டி வளைக்கிறார், கீழ்க் கிளைக்குக் குனிகிறார், உதிர்ந்த பழத்தைக் குத்தவைத்துப் பொறுக்குகிறார், அடுத்த செடிக்கு நகர்கிறார். பழம் சேரச் சேரத்தான் கனம் ஏறுகிறது. ஒரு நாளில் அவர் முதுகு இருக்காத கோணம் இல்லை. இதை நாற்பது, ஐம்பது வருடமாகச் செய்கிறார், சிறுமியாக இருந்தபோது சின்னப் பையில் தொடங்கி. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிய சுமைக்குப் பழகியிருக்கிறது. ஆனால் அம்மாவைப் பார்த்து மூட்டை சுமப்பது முதுகுக்கு மருந்து என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவரோடு இருபது வயதில் பறிக்க வந்தவர்களில் இன்று எத்தனை பேர் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இடுப்பு போய் வீட்டோடு நின்றவர்களை நாம் சரிவில் பார்ப்பதில்லை. தாங்கியவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விதவிதமான அசைவையும், மெல்ல மெல்லக் கூடும் கனத்தையும். மூட்டையை இல்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் வேலை செய்யும் இடம். தரையில் உட்காருவது தப்பில்லை. வெறும் தரையில் சம்மணம் போட்டால் இடுப்பு பின்னால் சாய்ந்து முதுகு கூன் போடும். ஒரு மணையோ, நாலாக மடித்த ஜமுக்காளமோ பிட்டத்துக்குக் கீழே மட்டும் போடுங்கள், முழங்கால் கீழே இறங்கி இருக்கட்டும். நாலைந்து விரல் உயரம் ஏறினாலே முதுகு தானாக நிமிர்வதை உடனே உணர்வீர்கள். வேலைப் பலகையையும் ஒரு செங்கல் உயரம் தூக்கி வையுங்கள். ஆனால் சரியாக உட்கார்ந்துவிட்டால் எட்டு மணி நேரம் உட்காரலாம் என்று அர்த்தமில்லை. எவ்வளவு நல்ல இருப்பும் அரை மணிக்கு மேல் நல்ல இருப்பு இல்லை. கடிகாரம் பார்க்க வேண்டாம். ஒரு ஜோடி முடிந்ததும் எழுந்து நில்லுங்கள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் ஐந்து தடவை சாயுங்கள், ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள், உட்காருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. கூலி குறையும் என்று தோன்றும். வலியில் படுத்த இரண்டு வாரத்தில் எத்தனை ஜோடி போயிற்று என்று கணக்குப் பார்த்தால் இது பெரிய நஷ்டமில்லை.

அடுத்தது வாசல் கோலம். எழுந்த உடனே, ஜவ்வு நன்றாக நீர் கோத்து விறைப்பாக இருக்கிற நேரத்தில், காலை நீட்டி நின்று இடுப்பை மடித்துக் கோலம் போடுகிறோம். நாள்பட்ட வலிக்காரர்கள் விடிகாலைக் குனிதலைத் தள்ளிப்போட்டால் வலி குறைகிறது என்று 1998-லேயே ஓர் ஆய்வு காட்டியது. அதனால் எழுந்து அரை மணியாவது அடுப்படியில் நின்று நடமாடிவிட்டு அப்புறம் வாசலுக்கு வாருங்கள். குத்தவைத்தோ, ஒரு முழங்காலை ஊன்றியோ போடுங்கள். மார்கழி வரப்போகிறது. பெரிய கோலத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாதியை நீங்கள் போடுங்கள், மீதிக்கு வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இனி நடை. இதற்கு மூக்கனேரிக் கரைக்கோ அண்ணா பூங்காவுக்கோ போக வேண்டியதில்லை. உங்கள் தெருவே போதும், மொட்டை மாடி இருந்தாலும் போதும். முதல் மூன்று நாள், வலி கூடாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று மட்டும் பாருங்கள். பத்து நிமிடம் என்றால் எட்டு நிமிடத்தில் தொடங்குங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். எட்டு வாரத்தில் ஏறக்குறைய முப்பது நிமிடத்தைத் தொட்டுவிடுவீர்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிற இடம் ஒன்றே ஒன்று. உடம்பு லேசாக இருக்கிற நாளில் ஆசைப்பட்டு இருபது நிமிடம் நடக்கக் கூடாது. வலிக்கிற நாளில் ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. பன்னிரண்டு நிமிட நாள் என்றால் பன்னிரண்டுதான். வலிக்கிறதா, அதை ஆறு ஆறாகப் பிரித்து நடங்கள்.

நடைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2024-ல் வெளியானது. சமீபத்தில் இடுப்பு வலி வந்து தேறியவர்கள் அவர்கள். ஒரு குழுவுக்கு இயன்முறை மருத்துவர்கள் ஆளுக்குத் தகுந்தபடி நடையைக் கூட்டிக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் வாரம் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் என்பது இலக்கு. இன்னொரு குழு சும்மா இருந்தது. சும்மா இருந்த குழுவில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் வலி திரும்பிவிட்டது. நடந்த குழுவில் அதற்கு 208 நாள் ஆயிற்று. செலவில்லை, கருவியில்லை, யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். துணை இருந்தால் நடை நிற்காது.

பயிற்சி மூன்று போதும், வாரம் மூன்று நாள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பிட்டத்தை மெதுவாகத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குவது ஒன்று. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது இரண்டு. தவழும் குழந்தை மாதிரி நாலு காலில் நின்று முதுகைப் பூனை போல மேலே உயர்த்தி, பிறகு கீழே தளர்த்துவது மூன்று. ஒவ்வொன்றும் எட்டு தடவையில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு கூட்டிப் பதினைந்து வரை போகலாம். மூச்சைப் பிடிக்கவே கூடாது. வாய் விட்டு எண்ணினால் மூச்சு நிற்காது.

செய்யும்போது வலிக்குமே என்பீர்கள். கொஞ்சம் வலிக்கும். பழகாத தசை வலிப்பது வேறு, கெடுதல் வேறு. வலி லேசாகக் கூடி, மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அது சரியான அளவு. மறுநாளும் கூடியே இருந்தால் பாதியாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். தொடையில் இருந்த வலி விலகி இடுப்போடு நின்றால், இடுப்பில் கொஞ்சம் கூடத் தெரிந்தாலும், அது தேறுகிற அடையாளம். அதுவே முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ நிறுத்திவிட்டு யாரிடமாவது நேரில் காட்டுங்கள்.

கனம் தூக்காதே என்றார்கள். வாழ்நாள் பூராவும் தூக்காமல் ஒரு பெண் எப்படி இருப்பாள்? தூக்கப் பழக வேண்டும். இந்த வாரம் இரண்டு கிலோ அரிசிப் பை, உடம்போடு அணைத்துப் பிடித்துப் பத்து அடி நடை. இரண்டு வாரம் கழித்து நாலு கிலோ. எட்டாவது வாரம் பாதிக் குடம் தண்ணீர் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. முழங்காலை மடக்கித்தான் தூக்க வேண்டும், முதுகை மடக்கவே கூடாது என்ற கெடுபிடியெல்லாம் வேண்டாம். பொருள் உடம்போடு ஒட்டி இருக்கட்டும், கனம் பழகிய கனமாக இருக்கட்டும், அது போதும்.

பெல்ட்டைப் பற்றி: வலி உயிரை வாங்குகிற இரண்டு நாள் கட்டிக்கொண்டு எழுந்து நடமாடினால் நான் தடுக்கமாட்டேன். மாதக் கணக்கில் கட்டுவதுதான் வேண்டாம். பெல்ட் இல்லாமல் அடுப்படிக்குப் போகவே பயப்படுகிற பெண்களைப் பார்த்துவிட்டேன். கரண்ட் வைப்பது, ஒத்தடம், தைலம் இதெல்லாம் சற்று நேர ஆறுதல். ஒத்தடம் வைத்தபின் நடக்க முடிகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறைகிறது, கூலி குறைகிறது, தூக்கம் கெடுகிறது. தூக்கமும் கவலையும் வலியின் அளவை உண்மையாகவே கூட்டுகின்றன. மனசு சரியில்லாத வாரத்தில் இடுப்பு கூடுதலாக வலித்தால் ஜவ்வு இன்னும் பிதுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். அந்தப் பணம் வீட்டில் இருக்கட்டும்.

ஏற்காடு போகிற நாளுக்கு வருவோம். பஸ்ஸில் கடைசி வரிசை வேண்டாம், அங்கேதான் தூக்கிப் போடும். நடு வரிசையில் உட்காருங்கள். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு. முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதத்தை நன்றாக ஊன்றிக்கொண்டால் இடுப்பு அலையாது. போய்ச் சேர்ந்த அன்று வேலை எதுவும் வேண்டாம், வீட்டைச் சுற்றி மேடு பள்ளத்தில் சும்மா நடங்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் தொடையைப் பிடிக்கும், சின்ன எட்டாக வையுங்கள். மறுநாள் ஒரு மணி நேரம் பறியுங்கள். அதற்கடுத்த நாள் காலை இடுப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து இரண்டு மணி நேரம். உதிர்ந்ததைப் பொறுக்கும் வேலையும் கிளையில் பறிக்கும் வேலையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மூட்டையை இந்த வருடம் வேறு யாராவது இறக்கட்டும்.

பெல்ட்டைப் பனங்காட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அம்மாவிடம் ஒரு காலிப் பை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு அவருக்குப் பக்கத்துச் செடியில் நில்லுங்கள். பை பாதி நிறைந்ததும் கொட்டிவிட்டு மறுபடி காலிப் பையோடு தொடங்குங்கள். மார்கழி பிறந்ததும் எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள், வலி தொடையில் இருக்கிறதா இடுப்போடு நிற்கிறதா என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். போகிற நாளுக்கு முன் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் சொல்கிறேன்.